பதினேழாம் எண்

பிப்ரவரியில் ரரோடோங்காவுக்கு ஆள் வருவது குறைவு.
புயலுக்குப் பயந்தவர்கள் ஆக்லாந்திலேயே இருந்துவிடுகிறார்கள்.
வாடகை ஸ்கூட்டர்களின் இருக்கையில்
சேவல்கள் ஏறி நின்று கூவுகின்றன.

அந்த வாரத்தில்தான் மேலாளர் தெபாயேரு
சாவிப் பலகையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
"பதினோரு வருஷம் ஆச்சு, நூரோவா.
ரெண்டு ராத்திரி. உனக்கும் போகினோவுக்கும்.
எது வேணுமோ எடுத்துக்கோ."

பதினெட்டுச் சாவி.
பதினெட்டையும் தினமும் திருகுவது இந்தக் கைதான்.
ஆனாலும் நா எழவில்லை.
"யோசித்துச் சொல்கிறேன்" என்று
பயணிகள் மாதிரியே சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் கேட்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்:
கடல் தெரியுமா, மணலுக்கு எத்தனை அடி,
காலைச் சாப்பாடு சேர்த்தியா,
சேவலை நிறுத்த முடியுமா.

எனக்குத் தெரிந்தது வேறு.

ஒன்றாம் எண்ணில் கடல் கட்டில்வரை வரும்,
உப்பும் கூடவே வரும்.
ஜன்னல் கொக்கியை மாதாமாதம் மாற்றுகிறோம்.
பன்னிரண்டைப் பற்றி
வெளியே பேசக் கூடாது என்று உத்தரவு.
நான்கு, தேனிலவுக்கானது, நல்ல அறைதான்.
அதன் குளியலறைத் தரையில் ஒரு மணப்பெண்
குழாயைத் திறந்துவிட்டு அழுததை
கையில் துண்டுகளோடு வாசலில் நின்று கேட்டேன்.
மறுநாள் கண்ணாடி முன்னால்
ஐம்பது டாலர் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
எதற்கென்று இன்றுவரை புரியவில்லை.
செலவழித்துவிட்டேன்.

ஏழில் தொட்டி இருக்கிறது.
போகினோவுக்கு அதன்மேல்தான் கண்.
"காலை நீட்டிப் படுக்கலாமே!"
ஆறடி மூன்றங்குலம், எந்தத் தொட்டியிலும்
இவன் கால் நீளாது. அது போகட்டும்.
அந்தத் தொட்டியைத் தேய்க்க இருபத்தைந்து நிமிடம்.
என் இடது முட்டிக்குத் தெரியும்.
நான் வெந்நீரில் கிடக்க
யார் முட்டி போட்டுத் தேய்ப்பது,
அகாய்தியா?

"வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை,
இதற்குப் போய் ஒரு பயணமா" என்றான் அன்றிரவு.
என்றவன்தான் எழுந்து
நல்ல சட்டையைத் தேடினான்.
எங்களிடம் பெட்டி இல்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.
அவன் தங்கையிடம் ஒன்று இரவல் வாங்கினோம்,
கைப்பிடி உடைந்தது.

பதினேழு, என்றேன்.
தெபாயேரு சிரித்தாள்.
"அதை யாருமே கேட்டு வாங்கினதில்லையே!"

சலவைக்கூடத்துக்குப் பின்னால்.
கொடுத்த ஒரு மணி நேரத்தில்
மாற்றித் தரச் சொல்லி வந்து நிற்பார்கள்.
கடல் கிடையாது. ஜன்னல் முழுக்க மலை.
கடலைத்தான் தினமும் பார்க்கிறேனே,
துடைத்த நீரைக் கொட்டும்போது, ஓரக்கண்ணால்.
மலையின் மாலை நான்கு மணியைப் பார்த்ததில்லை.
நான்கு மணிக்கு நான் இஸ்திரியில் இருப்பேன்.

பார்த்தேன்.
மேகம் இறங்கி, பாதி மலையை எடுத்துக்கொண்டு,
பிறகு மனம் மாறியதுபோல்
திருப்பிக் கொடுத்தது.
போகினோ குறட்டைவிட்டான்.
எழுப்பவில்லை.
கட்டில்மேல் துண்டில் மடித்த அன்னம்,
கழுத்து கோணல், அகாய்தியின் மடிப்பு.
பிரித்து நேராக மடிக்க இரண்டு தரம் கை போனது.

இரவெல்லாம் மழை.
காலையில் எழுந்ததும்
அவனை ஓரமாய் உருட்டிவிட்டு
விரிப்பின் நான்கு மூலையையும் செருகிக்கொண்டிருந்தேன்.
கதவு தட்டப்பட்டது.
"ஹவுஸ்கீப்பிங்!"

வேண்டுமென்றே அந்தக் குரலில் கூப்பிடுகிறாள், கழுதை.
"அப்புறம் வா" என்றேன்.
என் தொண்டையிலிருந்து
வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.
அவள் சிரிப்பு நடைபாதையில் தேய்ந்தது,
பின்னாலேயே தள்ளுவண்டி, கிறீச், கிறீச்.
இடது சக்கரம்.
எண்ணெய் கேட்டு டிசம்பரிலிருந்து சொல்லி வருகிறேன்.

இவ்வளவு சத்தம் வருகிறதென்று
உள்ளே படுத்திருந்தவர்கள்
ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.