மற்றவை

பக்தியா மலையடிவாரம்.
மணல்மூட்டைகளுக்குள் ஒரு தகரக் கொட்டகை.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே இருக்கும்.
மாலை ஐந்து மணிக்கு
என் பள்ளத்தாக்கைத் திறப்பேன்;
கடவுச்சொல் கேட்கும்.

கேள்விகள் ஆங்கிலத்தில்
பதில்கள் பஷ்தோவில்
நடுவில் நான், தோரியாலை,
நாள்கூலி பதினெட்டு டாலர்.

ரோந்து போனவர்கள் கொண்டுவரும் தாள்களைக்
கட்டங்களில் இட்டு நிரப்ப வேண்டும்.
ஊர்: ஸ்பின்கலை.
வீடுகள்: நாற்பத்தொன்று.
ஆயுதம் எடுத்த காரணம்:
அம்பை அழுத்தினால் பட்டியல் விழும்.
மதம். பணம். அச்சம். குலப்பகை.
கடைசியில்
மற்றவை.

ஸர்வர்கானின் மகன் மலையேறியது
ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டுமென்று
அவர்களுடைய சில்கோசா மரங்கள்
இருபத்தாறையும் அறுத்த வாரத்தில்.
மற்றவை.

குதாய்நூரைச் சாவடியில் நிறுத்தி
மனைவி பெயரைக் கேட்டார்கள்.
வரிசையில் நின்ற அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி
உரக்கச் சொல்ல வைத்தார்கள்.
மொழிபெயர்த்தவன் நான்தான்.
மற்றவை.

மேஜர் ஹால்வர்சன் கெட்டவர் இல்லை.
தேநீரை வலக்கையால் வாங்கத் தெரிந்தவர்.
திரையில் ஒரு கிணறு வைப்பார், ஒரு பள்ளிக்கூடம் வைப்பார்,
ரோந்தை இரண்டு மடங்காக்கி
ஓட விடுவார்.
சிவந்த ஊர்கள் மஞ்சளாகிப் பச்சையாகும்.
தேநீர் ஆறுவதற்குள்
பதினெட்டு மாதம் போயிருக்கும்.
உண்மைக் கிணற்றைத் தோண்டியபோது
கீழ்த்தெரு வாய்க்கால் வற்றிப்போனது,
அதற்குக் கட்டம் இல்லை.

என் மாமனார் ஊரில் பெரிய புள்ளி.
இங்கே சின்னப் புள்ளி.
சுட்டியை மேலே நிறுத்தினால்
வயது ஐம்பத்தெட்டு, ஐயம் நடுத்தரம் என்று காட்டும்.
கரும்புள்ளி செம்புள்ளி குத்துவது
குற்றவாளி முகத்தில்தானே?
இங்கே ஊருக்கே குத்தியாயிற்று,
ஏற்றிவிடக் கழுதைதான் பாக்கி.

இலையுதிர்காலத்தில் ஒஹையோவிலிருந்து
மென்பொருளைக் கட்டியவள் வந்தாள். பெயர் கிரெட்டா.
வட்டப்படத்தில் பாதிக்கு மேல் சாம்பல் நிறம்.
"என்ன இது?"
"மற்றவை."
"எல்லாரும் சோம்பல்பட்டு இதையே அழுத்துகிறார்கள்" என்றாள்.
மரங்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
சில்கோசாவுக்கு ஆங்கிலத்தில் என்ன?
தேடுவதற்குள்
மடிக்கணினியை மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை புதிய பதிப்பு வந்தது.
பட்டியலில் நான்கு.
காரணம், கட்டாயக் கட்டம்;
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
அன்றைக்கு முப்பத்தேழு தாள்கள்.
கொட்டகைக்குள் குளிர், விரல்கள் மரத்திருந்தன.
மதம்தான் முதலில் இருந்தது,
கைக்கு எட்டுகிற இடத்தில்.

பத்து நாள் கழித்து
மேஜர் என்னைக் கூப்பிட்டார்.
திரையில் ஒரு சிவப்புக் கோடு
மலை போலச் செங்குத்தாக.
"திடீரென்று இத்தனை மதவெறி!
உன் ஊரில் என்னதான் நடந்தது, தோரியாலை?"

இரண்டு மொழி தெரியும் எனக்கு.
ஜெனரேட்டர் இருமி முடிக்கட்டுமென்று
காத்திருப்பவன் போல
நின்றிருந்தேன்.