பன்னிரண்டு நாற்பது

பதின்மூன்றாம் மாதச் சம்பளம்
வந்த வாசல் வழியே திரும்பிப் போனது.
பள்ளிக்கூடத்துக்குப் பாதி,
கூரைத் தகரத்துக்கு மீதி.
சலவைக்கடை முதலாளியம்மா கையில் திணித்த
ஒரு பாக்கெட் ஸ்பகெட்டிதான் தங்கியது.

எங்கள் இலோய்லோவில் வருடம் பிறக்கும்போது
மேசைமேல் உருண்டையாய்ப் பன்னிரண்டு பழம் வேண்டும்,
மாதத்துக்கு ஒன்று.
இல்லையென்றால் என்ன ஆகும் என்று
யாரும் துணிந்து பார்த்ததில்லை.

சந்தையில் விலை கேட்டேன்.
கேட்டதற்கே காசு கேட்பாளோ என்று
வேகமாக நடந்துவிட்டேன்.

சந்துக்குள் நாங்கள் நான்கு வீடு.
தோதோங்கின் ட்ரைசைக்கிளில் ஏறியவர்
கூலிக்குப் பதில் கொடுத்த முலாம்பழம் ஒன்று.
மரிவிக்கிடம் இரண்டு பம்பளிமாஸ்.
நேமியா பாதி விலைக்கு வாங்கிய ஆப்பிள் மூன்று,
அடிபட்ட பக்கம் கீழே இருந்தால் யாருக்குத் தெரியும்?
என் பங்குக்குச் சப்போட்டா மூன்று.
பன்னிரண்டும் பன்னிரண்டு வகையாக இருக்கணும் என்றாள் நேமியா.
எண்ணிக்கை போதும் என்றான் தோதோங்.
எங்கள் பணப்பை தோதோங் கட்சி.
சில்லறை திரட்டி ஆரஞ்சு மூன்று வாங்கினோம்.

ஆயிற்று, தட்டு நிறைந்தது.
தட்டு ஒன்று. வீடு நான்கு.
பன்னிரண்டு மணியோ
ஒரு ராத்திரிக்கு ஒரு தடவைதான் வரும்.

"கடிகாரம் நம்முடையதுதானே" என்றாள் மரிவிக்.

சோடா மூடிகளில் எண் எழுதிக் குலுக்கினோம்.
பதினொன்று நாற்பதுக்குத் தோதோங் வீட்டில் புத்தாண்டு.
நிஜமான பன்னிரண்டு நேமியாவுக்கு விழுந்தது,
அவள் முகத்தைப் பார்க்கணுமே.
பன்னிரண்டு இருபது மரிவிக்.
கடைசி மூடி எனக்கு.
எலியாசர் ஸ்டூலில் ஏறி
சுவர்க்கடிகார முள்ளை
நாற்பது நிமிடம் பின்னுக்குத் தள்ளினார்.
கடன்காரனிடம் தவணை கேட்டு
இத்தனை சுலபமாய்க் கிடைத்ததில்லை.

புள்ளி போட்ட துணி உடுத்தணும், அதுவும் வழக்கம்.
கடையில் ஒரு புள்ளிச் சட்டை இருந்தது.
ஐந்தாம் தேதி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்ன
ஓர் அம்மாளுடையது.
கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
இப்போது உங்களுக்கும்.

ஜோவெலின் நான்கு வீட்டு நள்ளிரவிலும் குதித்தாள்.
குதித்தால் உயரம் கூடுமாம்.
பையில் காசு குலுங்கினால்
வருடம் முழுக்கக் குலுங்குமாம்.
சில்லறைக்கு எங்களிடம் பஞ்சமில்லை,
நோட்டுக்குத்தான்.

எங்கள் முறை வந்தபோது
ஊர் வெடித்து ஓய்ந்திருந்தது.
புகையில் ஒரு நாய் இருமியது.
தட்டை ஏந்தி மரிவிக் வந்தாள்,
பின்னாலேயே சந்து முழுவதும் வந்தது.
அவர்களுக்கு வேறு நள்ளிரவு மிச்சமில்லை.

எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
தோதோங்கின் கடைக்குட்டி
வாயை இறுக்க மூடிக்கொண்டு
ஆரஞ்சு வாசனையோடு நின்றது.

"எந்த மாதம் போச்சு?" என்றார் எலியாசர்.
"பிப்ரவரியாக இருக்கட்டும்,
அதுதான் சின்னது" என்றேன்.
அடுப்படியிலிருந்து ஒரு வெங்காயம் எடுத்துவந்து
பள்ளத்தில் உட்காரவைத்தேன்.
உருண்டைதானே.
ஆப்பிளைவிட விலை விற்ற காலமும் அதற்கு உண்டு.

பிறகு சட்டி, மூடி, வாளி, கரண்டி.
பக்கத்துத் தெருவிலிருந்து எவனோ கத்தினான்:
"அது முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு!"
"எங்களுக்கு இப்போதான்!" என்று
பதினாறு பேரும் திருப்பிக் கத்தினோம்.

காலையில் பங்கு பிரித்தபோது
மற்ற இரண்டோடு பிப்ரவரியும் எனக்கே வந்தது.
முட்டையில் போட்டு வதக்கினேன்.

இரண்டாம் தேதி,
துவைத்து மடித்த புள்ளிச் சட்டையைப் பைக்குள் ஒளித்து
வேலைக்குப் போனேன்.
முதலாளியம்மா சுவரைக் காட்டினாள்.
அப்போதுதான் உறைத்தது.
எங்கள் வீட்டு முள்ளை
யாரும் முன்னுக்குத் தள்ளவில்லை.

அரை நாள் கூலி பிடித்தம்.
அந்தக் காசுக்கு
ஆரஞ்சே வாங்கியிருக்கலாம்.