கைப்பைக்குள் ஓடிய பகுதி

முதல் ஒன்பது விநாடியும் ஆரோ ஒருவனின் பிடரி.
பிறகு அந்தப் பிடரி துள்ளுகிறது.
அதன் தோளுக்கு மேலே
சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு குச்சிகள்
மேலே வரும், கீழே போகும்.
கிளெமன்ட் அவ்வளவுதான் தெரிகிறான்.

பம்பலப்பிட்டி, கடல் பக்க ஒழுங்கை,
பகல் ஒரு கல்யாணம் முடிந்த மண்டபம்.
கறுப்புத் துணி போட்டு மூடியும்
ரெஜிபோம் இதயத்தின் கால்வாசி
ட்ரம்ஸுக்குப் பின்னால் வெளியே நிற்கிறது.
பேஸ் கிற்றார் விழுகிற ஒவ்வொரு முறையும்
நடுங்கி நடுங்கி மினுக்கப் பொடி உதிர்க்கிறது.
நான் இதைப் பார்க்கவேயில்லை.
போன் தன்பாட்டில் பிடித்துவைத்தது.

நான் நின்றது பிளாஸ்டிக் கதிரையில்.
ஒரு கையில் போன், மற்றதில் செருப்பு.
கொள்ளுப்பிட்டியில் ஆறு மணிவரை கணக்கு முடித்து
கழுத்து அட்டையைக் கூடக் கழற்றாமல் வந்தவள்.
"சேலையோடயா?" என்றான்
வாசலில் ரிக்கெற் கிழித்த பெடியன்.
ஓம், சேலையோடதான்.

அந்தச் சத்தத்தை இந்தச் சின்ன மைக் தாங்கவில்லை.
பாட்டு வரவில்லை;
தகரக் கூரையில் ஆரோ
ஒரு லொறிக் கருங்கல்லைக் கவிழ்த்த மாதிரி ஒன்று வருகிறது.
அதற்கு மேலே, மிகக் கிட்டத்தில்,
ஒரு பெண் கத்துகிறாள்,
ஆங்கிலமும் இல்லாமல் தமிழும் இல்லாமல்,
சொல் தெரியாத இடமெல்லாம் வாய்க்கு வந்ததைப் போட்டு.
ஆரடா இவள் என்று அரை நிமிடம் யோசித்தேன்.

இரண்டு நிமிடம் நாற்பதில் ஒரு குச்சி நழுவுகிறது.
கீழே போனது இரண்டு,
மேலே வந்தது ஒன்று.
"அம்மோ!" என்று பிடரிக்காரன் திரும்புகிறான்.
அப்போதுதான் அவனுக்கு முகம் வந்தது,
மேல்பல் ஒன்று இல்லாத, சந்தோசமான முகம்.
ஒற்றைக் கையால் நாலு தட்டு.
பிறகு மற்றதும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

பாட்டு முடிய நிறுத்தினேன் என்று நினைத்துத்தான்
போனைக் கைப்பைக்குள் போட்டேன்.
அது நிற்கவில்லை.

பதினொரு நிமிடம் இருட்டு.
சாவிக்கொத்து. மாத்திரை மட்டை. சில்லறை.
"வெள்ளவத்தைக்கு எவ்வளவு?"
"அறுநூறு."
"மீட்டர் இல்லையா?"
"மழை, மிஸ்."
"ஐந்நூறு."
பதில் இல்லை. எஞ்சின் இருமிக்கொண்டு எழும்புகிறது.
மெய்தான், மழை.
ஓட்டோவின் றெக்சின் கூரையில்
கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கிறது.
தூரத்தில் கரையோர ரயில்.
மிகக் கிட்டத்தில் ஒரு கொண்டக்டர்
பாணந்துறை பாணந்துறை பாணந்துறை.
நடுவில், உதட்டை மூடிக்கொண்டு,
டும் டக்க டும் டும் டக்க என்று ஒருத்தி,
அந்த நழுவின இடத்தையும் விடாமல்.

கிளெமன்ட் இப்போது தோஹாவில்
தண்ணீர்ப் போத்தல் லொறி ஓட்டுகிறான்.
முன்பு ஆமர் வீதியில் ரயர் கடை.
மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு நேரவலயம்.
அன்றைக்கு வேறொருவரும் பிடிக்கவில்லையாம்,
பிடித்தவரின் போன் தொலைந்ததாம்.
"உங்களிட்ட இருக்காம், அனுப்புங்கோ அக்கா."
உங்கட முகம் இல்லைத் தம்பி, என்றேன்.
குச்சி விழுந்ததும் இருக்கு, அதை வெட்டவோ?
"ஒன்றும் வெட்டாதேங்கோ."

கத்தரிக்கோல் அடையாளத்தில் விரல் வைத்திருந்தேன்,
வெட்ட நினைத்தது அவனுடைய பிழையை அல்ல.
எடுத்தேன் விரலை.
இருட்டோடு, முனகலோடு, முழுதாகப் போனது.

மூன்று நாள் பதில் இல்லை.
வெள்ளிக்கிழமை ஒரு குரல் பதிவு:
ஏசி இரைச்சல், சிக்னல் லைட்டின் டிக் டிக்,
ஸ்டியரிங்கில் விரல்கள்
டும் டக்க டும் டும்
(நாலாவது கொஞ்சம் பிந்தி)
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,

"அக்கா,
கடைசியில அவன் எவ்வளவு எடுத்தவன்?"