தகட்டில் நாற்பது சொற்கள்

நகராட்சி எனக்குக் கொடுத்திருப்பது
நாற்பது சொற்கள் கொள்ளும் வெண்கலத் தகடு.
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறான் கொத்துபவன்.
ஆகவே சுருக்கமாக, என்றார்கள்.

1889 என்று தொடங்கினேன்.
மலிவான சொல்.
அந்த ஆண்டில்தான் டோன்யா எர்மெலிண்டா ஓயார்சாபால்
தன் புல்வெளியில் ஒரு கீற்றை இனாமாகக் கொடுத்தாள்,
தன் மதியத் தூக்கத்துக்கு எட்டாத தொலைவில்தான்
எஞ்சின் ஊத வேண்டும் என்ற நிபந்தனையோடு.
பாம்புச் செவி அவளுக்கு.
ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று நிலையம்.

பிறகு ஊர் நடந்து வந்தது.
முதலில் சாராயக்கடை,
அதன் வாலைப் பிடித்தபடி கடன் நோட்டோடு மளிகைக்கடை,
சவரக்கடை, இரண்டு விதவைகள் நடத்திய விடுதி.
பன்னிரண்டு வருஷம் வீம்பு பிடித்துவிட்டு
மணியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு
தேவாலயமும் வந்து சேர்ந்தது.
பழைய சதுக்கத்தில் இப்போது வெங்காயம் போடுகிறார்கள்.
இதற்கே முப்பது சொல் ஆகும். அடித்துவிட்டேன்.

வெட்டுக்கிளி வந்த கோடை:
நசுங்கிய உடல்களின் எண்ணெயில்
சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது.
கம்பளி மூட்டை ஏற்ற வந்தவர்கள்
தண்டவாளத்துக்கு மணல் தூவிக்கொண்டே முன்னால் நடந்தார்கள்.
எஞ்சின் ஓட்டிய ஜெனோவாக்காரன்
தெரிந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டினான்.
சுற்றுலா அதிகாரிக்குப் பூச்சி ஆகாதாம். அதுவும் போயிற்று.

ஆங்கிலேயக் கம்பெனி போய் அரசாங்கம் வந்தது.
பலகைகளுக்கெல்லாம் புதுச் சாயம்.
மழை பெய்தால் மட்டும்
அடியிலிருந்து பழைய எழுத்து ஊறி மேலே வரும்:
'இங்கே துப்பாதீர்'.

பசிலிசா அந்துனேஸை என்ன செய்வது?
தந்தி மேசையில் பத்தொன்பது வருஷம் இருந்தவள்.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கட்டுக் கடகடவென்று வந்தது செய்தி:
சலாதோ ஆற்றில் மூழ்கி இறந்தான் அவுரேலியோ.
ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கைக்குக் கல்யாணம்.
தாளை நாலாக மடித்து
இடது காலணிக்குள் வைத்துக்கொண்டாள் பசிலிசா.
சனியன்று அவன் தாய் வந்து கேட்டாள்:
பையனிடமிருந்து ஏதாவது உண்டா?
கம்பி அறுந்து கிடக்கிறது, என்றாள்.
ஞாயிறு இரவு அந்தக் காலணியோடுதான் ஆடினாள்.
திங்கள் விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
தாய் அறைந்தாள்.
தகப்பன் குதிரையை விட்டு இறங்கவேயில்லை.
கம்பெனி கணக்கில் கறார்:
மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது.
மணப்பெண் மட்டும்
ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒரு டஜன் முட்டை அனுப்பினாள்,
ஒரு வரி எழுதாமல்.

கடைசி வண்டியைக் கடைசி என்று யாரும் சொல்லவில்லை.
மார்ச் மாதம். நாலு பயணிகள், ஒரு கூடைக் கோழி.
என் அப்பா ரோசாரியோவுக்குப் பல் பிடுங்கப் போனார்
போக வர டிக்கெட் எடுத்துக்கொண்டு.
பல் போயிற்று. வர வண்டி இல்லை.
சோயா லாரியில், வீங்கிய தாடையோடு வந்திறங்கினார்.
திரும்பும் பாதி இன்னும் அவர் பர்சில் இருக்கிறது.
பணத்தைத் திருப்பித் தரும் ஜன்னல்
என்றைக்காவது திறக்கும் என்கிறார்.
அவரைச் சேர்த்தால் சொந்தக்காரனுக்குச் சலுகை என்பார்கள்.

நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன்.
வருஷம், நீளம், கூரைக்கு வந்த இரும்பு எந்த ஊரிலிருந்து,
திறந்துவைக்கப்போகும் அமைச்சர்,
அவர் பெயருக்கு முன்னால் வரும் ஏழு சொற்கள்,
எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு.
மிச்சம் இரண்டு.

காலையில் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
உளியின் நுனியை ஊதிவிட்டு
கொத்துபவன் கடைசி வரியில் விரல் வைத்தான்.
"'மூன்று நாள்' என்று நிற்கிறதே, என்ன அது?
கட்டி முடிக்க ஆன காலமா?"

ஆமாம், என்றேன்.