இருநூற்றுப் பத்து மில்லிகிராம்

பிரிட்ஜ் கதவில், பட்டர் வைக்கிற தட்டில்,
மாசிச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில்
படுத்திருக்கிறது பேனை.
எழுதாத பேனை.
வெள்ளி இரவு எட்டு மணிக்கு
வயிற்று மடிப்பொன்றைக் கிள்ளிப் பிடித்துக் குத்திவிட்டுப்
பத்து வரை எண்ணுவேன்.
அவ்வளவுதான். வெள்ளவத்தை நுளம்பு
இதைவிட நோகக் கடிக்கும்.

முதல் மாதம் முழுக்கக் குமட்டல்.
பக்கத்து வீட்டில் தாளிக்கிற மணத்துக்கு
ஜன்னலைத் திறந்து
கடல் பக்கம் முகத்தை நீட்டினேன்.
கடலும் மீன் மணத்தது.

பிறகு ஒருநாள், சத்தம் நின்றது.
இரவு பகலாகப் பாடிய ரேடியோவை
யாரோ சொல்லாமல் நிறுத்திவிட்டுப் போனதுபோல.
நாற்பத்தாறு வருடமாக அது பாடிக்கொண்டிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.
பதினொரு மணிக்கு ரோல்ஸ்,
நாலு மணிக்கு மீன் பணிஸ்,
பஸ்ஸால் இறங்கும்போது
கையில் ஏதாவது, கையில் ஏதாவது.

காலி வீதியில் கொத்துப் போடுகிறான்.
இரண்டு தகடும் கல்லில் விழுகிற சத்தம்
முன்பு நேரே வயிற்றுக்குள் இறங்கும்.
இப்போது காதோடு நின்றுவிடுகிறது.
நல்ல தாளக்காரன் அவன்.
இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை.

டொக்டர் சொன்னார்:
மருந்து பாதி வழிதான் கூட்டிக்கொண்டு போகும்,
மிச்சத்தை நீங்கள்தான் நடக்கவேணும்.
நடக்கிறேன்.
ஐந்தரைக்கு மரைன் டிரைவ்.
பாணந்துறைப் பக்கமிருந்து வருகிற ரயிலில்
தொங்கிக்கொண்டு போகிறவர்கள்
தூங்கிக்கொண்டும் போகிறார்கள்.
பம்பலப்பிட்டி ஸ்டேஷனைத் தொட்டுத் திரும்பி வந்தால்
அவித்த கடலை, ஒரு முட்டை.
சோறு இப்போது சோசரில்.
பத்து மணிக்குப் படுக்கை.
பிளேன்டீக்குச் சீனி இல்லை.
அது மட்டும் இன்னும் துக்கம்.

பெருநாளுக்கு பஸ்மினா ஒபிசுக்கு
வட்டிலப்பம் கொண்டுவந்தாள்.
இரண்டு கரண்டியோடு வைத்துவிட்டேன்.
"சரிவரல்லியா?" என்றாள்.
ருசி அப்படியேதான் இருந்தது, பஸ்மினா,
கதவைத் திறக்கிற ஆள்தான்
வீட்டில் இல்லை.
இதைச் சொல்லாமல்
"நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றேன்,
இரண்டு தடவை.

ஒன்றை எவருக்கும் சொல்வதில்லை.
மருந்தின் மாதக் காசு.
காலிச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டு
விடிய விடிய ரோட்டோரம் கிடந்த வருடத்தில்
இந்தக் காசுக்கு எங்கள் மாடியில்
மூன்று வீடும் சாப்பிட்டிருக்கும்.
பசிக்காமலிருக்கக் கட்டுகிறேன்.
பார்மசிப் பெடியன் எண்ணிப் பார்த்து ரசீது தருகிறான்.
மத்தியானம் சாப்பிட்டாயா என்று
அவனைக் கேட்க வாய் வரும்.
கேட்டதில்லை.

பதினாறு கிலோ குறைந்த கிழமை
அரிசி கழுவும்போது மோதிரம் கழன்று
சிங்குக் குழாய்க்குள் போய்விட்டது.
சிவகடாட்சம் ஸ்பானரோடு குனிந்து,
முழங்கை வரை அழுக்கோடு எழும்பி,
"விட்டிட்டுப் போகப் பாத்தீர் என்ன?" என்று
உள்ளங்கையில் வைத்தார்.

செட்டியார் தெருவில் பத்தர்
விரலை அளந்தார். பதினெட்டு, பதினாலாகியிருந்தது.
"சுகமில்லாமல் கிடந்தனீங்களோ?"
"இல்லை, சுகம்தான்."
நம்பவில்லை.
வட்டத்தில் ஒரு துண்டை அறுத்து எடுத்து
மிச்ச முனைகளை ஊதிப் பொருத்தினார்.
எடுத்த துண்டைத் தராசில் வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.
இருநூற்றுப் பத்து மில்லிகிராம்.
ரோசாக் கடதாசியில் மடித்து,
"இது உங்கட. கவனமா வச்சிருங்கோ.
திரும்பப் பெருத்தால் கொண்டு வாங்கோ,
வச்சு ஊதலாம்."

டொக்டரும் இதையேதான் சொன்னார்,
வேறு சொற்களில்.

பதினாறு கிலோ எங்கே போனது?
மூச்சாகப் போயிருக்கும்,
மரைன் டிரைவ் உப்புக்காற்றில்.
ஒருவரும் அதை நிறுத்து
என் கையில் தரவில்லை.

கடதாசிப் பொட்டலத்தை லாச்சியில் வைத்தேன்.
எடுத்தேன். சாமித் தட்டில் வைத்தேன். எடுத்தேன்.
இப்போது பட்டர் தட்டில், பேனைக்குப் பக்கத்தில்.

காலையில் பாணும் கையுமாக
பிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி
இதென்ன என்றார்.

மிச்சம், என்றேன்.