கே வரிசை

பெரியாஸ்பத்திரியில்
காகிதங்கள் படுத்துக் கிடக்கும் வார்டு என்னுடையது.
வைகைப் பக்கம் ஒரு ஜன்னல்.
ஆற்றில் தண்ணீர் வந்தால் கொசு,
வராவிட்டால் நாற்றம்.

உலகத்து நோய்க்கெல்லாம் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து உண்டு.
வயிற்றின் பங்குக்கு விழுந்தது கே.
கே இருபத்தைந்து என்றால் இரைப்பைப் புண்.
கே முப்பத்தைந்து குடல்வால்.
கே எழுபது, குடித்தே கெட்ட ஈரல்;
அதில் பாதிப் பேருக்கு என் தம்பி வயசு.
ஒரு நாளைக்கு எழுபது எண்பது கே அடிக்கிறேன்.
விசைப்பலகையில் அந்த ஒரு கட்டை மட்டும்
எழுத்து உதிர்ந்து மொட்டையாகிவிட்டது.
பரவாயில்லை, விரலுக்கு வழி தெரியும்.

போன மாதம் வந்த தாள்:
மொக்கராசு, நாற்பத்தொன்று, எழுமலை.
மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்.
வெளிக்கி தார் மாதிரிக் கறுப்பாய்ப் போய்
பல்லாரி லாரிக்கும் தராசுக்கும் நடுவே விழுந்திருக்கிறார்.
ரத்தம் இரண்டு பாட்டில் ஏறியிருக்கிறது.
டியூட்டி டாக்டர் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்திருந்தார்:
முதுகுவலிக்கு தினம் மூன்று மாத்திரை, ஆறு வருஷமாய்,
பெரும்பாலும் வெறும் வயிற்றில்.

அதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.
வயிற்றுக்காக முதுகில் மூட்டை.
முதுகுக்காக வயிற்றில் மாத்திரை.
மாத்திரை போட்ட ஓட்டைக்கு கே இருபத்தைந்து,
புள்ளிக்குப் பிறகு நாலு,
அது ரத்தக்கசிவுக்கு.

ஐந்தாம் நாள் விடியலில் கட்டில் காலி.
கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்து
கட்டில் கம்பியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.
அப்படிப் போகிறவர்களுக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறோம்:
சொல்லாமல் சென்றவர்.

பேச்சியம்மா வந்தது பன்னிரண்டு நாள் கழித்து,
காசில்லாத பஸ் இரண்டு மாறி.
நலவாரியத்தில் டிஸ்சார்ஜ் சீட்டு கேட்கிறார்களாம்.
காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி.
"சொல்லாமப் போனவங்களுக்குச் சீட்டு கிடையாதும்மா."
"சொல்லிட்டுத்தான் போச்சு யக்கா.
மேஸ்திரிகிட்ட வாரேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு.
அஞ்சாம் நாளும் வரலேன்னா
வேற ஆளப் போட்டுருவாகளாம்."

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து படிவம் வந்தது.
அங்கிருந்து டெல்லிக்குப் போகுமாம்.
செரிமான நோய்கள், அவற்றால் தேசத்துக்கு நேரும் சுமை.
சுமையைப் பற்றி மொக்கராசுவைக் கேட்டிருக்கலாம்.
முதலில் சும்மாடு வேணும் என்பார்.
படிவத்தில் சும்மாட்டுக்குக் கட்டம் இல்லை.

இழந்த வேலை நாட்கள் என்று ஒரு கட்டம் இருந்தது.
ஒரே ஓர் ஆளுக்குப் போட்டுப் பார்த்தேன்,
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்.
ஆஸ்பத்திரியில் நாலு நாள், நாளுக்கு எண்ணூறு.
அதற்கு முன்னால்
பாதி மூட்டையோடு சுவரில் சாய்ந்து நின்ற நாட்கள்,
எத்தனை என்று யார் எழுதி வைத்தார்?
பேச்சியம்மாவுக்கு நூறு நாள் வேலையில் ஆறு.
தோட்டுக்கு மாத வட்டி.
காசில்லாத பஸ்ஸை எந்தப் பக்கம் எழுதுவது?
வராந்தாவில் உட்கார்ந்தபடி அவள் தூங்கிய ராத்திரிகளை?
தாள் போதவில்லை.
கம்ப்யூட்டர் வெற்றுக் கட்டத்தை ஏற்காது,
சிவப்பாய்க் கத்தும்.
சைபர் போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

ஆறு மணிக்கு, கோரிப்பாளையம் மருந்துக்கடை.
எனக்கு முன்னால் மூன்று பேர்.
யார் கையிலும் சீட்டு இல்லை.
"தம்பி, நெஞ்சு எரியுது, ரெண்டு குடு."
"முதுகுக்கு நாலு."
"அதே மஞ்ச மாத்திரை."
பையன் முகம் நிமிராமல்
அட்டையைக் கத்தரியால் நறுக்கி நறுக்கிக் கொடுக்கிறான்.
மூன்று பேரும் மூன்று திசையில் போகிறார்கள்.
நான் அடித்த எந்த கேயிலும் இவர்கள் இல்லை.

என் முறை வந்தது.
பையனுக்கு என்னைத் தெரியும்.
கேட்கும் முன்னே
ரோஸ் கலர் பாட்டிலை எடுத்து வைத்தான்.