அறைந்து சாத்தும் கதவு

எட்டாவது வரைபடத்திலும்
ஜன்னலைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார்கள்.
ஓரத்தில் காரணம்: கதிர்வீச்சு.
மூன்று மீட்டர் மண் மூடாத எதுவும்
அங்கே உடம்புக்கு ஆகாது.
சரி என்றேன்.

கூரைக்குச் சரிவு வேண்டாம், மழை கிடையாது.
அந்தோஃபகாஸ்தாவிலும் கிடையாதுதான்.
ஆனாலும் என் தெருவில்
வீட்டுக்கு ஒரு குடை இருக்கிறது.

அத்தகாமா மேட்டில், தோகோனாவுக்குக் கிழக்கே
அந்த வீட்டின் நகலைக் கட்டினோம்.
மண்ணை அழுத்திக் கல்லாக்கும் இயந்திரம்
மூன்றாம் நாளே விக்கி நின்றுவிட்டது.
பௌதிஸ்தா கோல்க்கே பலகைச் சட்டம் அடித்து
மீதியைக் கையால் வார்த்தார்.
"செவ்வாயில் கல்யாணம் பண்ணாதே, கப்பல் ஏறாதே
என்பார்கள் எங்கள் பக்கம்."
கிழமையைச் சொல்கிறீர்களா, கிரகத்தையா?
"ரெண்டுக்கும் ஒரே பெயர்தானே" என்றார்
சாந்து வழித்துக்கொண்டே.

ஆறு பேர். தொண்ணூறு நாள்.
நான் கொஞ்ச தூரத்தில் ஒரு கன்டெய்னரில் உட்கார்ந்து
எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
அழுத்தம், ஈரம், மூச்சுக்காற்றில் கரி,
ஆளுக்குக் குளிக்க நாலு லிட்டர்.
எல்லாம் பச்சை.

நாற்பத்தோராம் நாள் இரவு
ரயேனுக்கும் இக்னாசியோவுக்கும் சண்டை.
கழுவாமல் வைத்த ஒரு ஸ்பூன்.
ஸ்பூன் காரணமில்லை என்பது
எண்களுக்குத் தெரியாது.
ரயேன் எழுந்தாள், விறுவிறுவென்று நடந்தாள்.
பதினொரு எட்டில் வீடு தீர்ந்துவிட்டது.
கதவை அறைந்து சாத்தப் போனாள்.

கதவு அறையவில்லை.
நான் வரைந்த கதவு அது.
ரப்பர் விளிம்பு, எண்ணெய்த் தண்டு,
இருபத்திரண்டு நொடி
பெருமூச்சு விட்டு விட்டு மூடும்.
அதற்காக எனக்கு ஒரு பரிசுகூடக் கிடைத்தது.
அந்த இருபத்திரண்டு நொடியும்
அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.
அவன் அவளைப் பார்த்தான்.
நான் திரையில் இருவரையும் பார்த்தேன்.
இறங்க இடமில்லாத கோபம்
அறை நடுவே
சாப்பாட்டு மேசையைப் போல நின்றது.

இங்கே என்றால் வெளியே போகலாம்,
உப்புத் தரையில் ஒரு கல்லை உதைக்கலாம்,
குளிர்ந்ததும் திரும்பலாம்.
அங்கே
சுற்றிலும் வெளிதான்.
வெளியே என்பதுதான் இல்லை.

ஒன்பதாவது வரைபடத்தில் ஜன்னல் கேட்கவில்லை.
ஒரு கதவு கேட்டேன்.
காற்றைத் தடுக்காத, தீயைத் தடுக்காத,
இரண்டே கீல் போட்ட மெல்லிய தகரக் கதவு.
ஐந்தரைக் கிலோ.
கிலோவுக்கு ஆகும் செலவில்
எங்கள் தெருவையே விலை பேசலாம்.
படிவத்தில் 'பயன்பாடு' என்று ஒரு கட்டம்.
மூன்று நாள் அதை நிரப்பவில்லை.

தொண்ணூறு முடிந்து ஆட்கள் வெளியே வந்ததும்
பௌதிஸ்தா பழைய கோழிக்கூட்டுத் தகரத்தில்
ஒன்றைச் செய்து மாட்டினார்.
ஊருக்குக் கிளம்ப வேன் காத்திருந்தது.
ரயேன் பையை இறக்கி வைத்துவிட்டு
மறுபடி உள்ளே போனாள்.

டமால்.

கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.
பௌதிஸ்தா சிரித்தார்.
வேன்காரன் ஹாரனை நிறுத்தினான்.
அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து
கதவு ஒரு விரல்கடை திறந்தது.
அந்த இடுக்கில் ரயேனின் ஒரு கண்,
யாராவது வருகிறார்களா என்று.

அன்றிரவு கட்டத்தை நிரப்பினேன்:
'தட்டுவதற்கு.'

கோழிக்கூட்டின் நாற்றம் மட்டும்
இன்னும் போகவில்லை என்று
பௌதிஸ்தா நேற்று செய்தி அனுப்பியிருந்தார்.
குழுவிடமிருந்து
இதுவரை பதிலில்லை.